பந்து பொறுக்கியவர்கள்

1

போன வருசம் சுனாமி நினைவு நாள் கவியரங்கம் ஒன்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையேறிய கவிஞர்களில் பாதிப் பேருடைய கவிதையில் ஒரு பந்து மிதந்தது. ஒருத்தருக்கு ரப்பர் பந்து, இன்னொருத்தருக்கு டென்னிஸ் பந்து. மற்றபடி கதை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை. மணலில் மூன்று குச்சி நட்டு கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள். எழும்பி வருகிற கடல். கடைசி வரியில் ஆடியவர்கள் இல்லாமல் தனியாகத் திரும்பி வருகிற பந்து. அரங்கத்தில் ஒரு நிமிச மௌனம், அப்புறம் கைதட்டல். எல்லாக் கவிதையும் சொல்லி வைத்த மாதிரி ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தது: கடல் சாதி பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை, எல்லாரையும் சமமாக வாரிக்கொண்டு போனது.

என் முறை வந்தபோது எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டு நாலு வார்த்தை பேசினேன். அது தகராறில் முடிந்தது. "துக்க வீட்டுலயும் சாதியப் பேசணுமாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வயதில் மூத்தவர், நல்லவர், சுனாமிக்கு நிதி திரட்டிக் கொடுத்தவர். அவருக்குப் பதில் சொல்ல அன்று நேரம் கொடுக்கவில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பந்து மிதக்கிற படிமம் பொய்யில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, மெரினாவிலும் மற்றக் கடற்கரைகளிலும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அலை கொண்டுபோனது உண்மை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சாவைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமில்லை. ஒரு நாள் காலையில் நடந்த ஆயிரம் காரியங்களில் இந்த ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்து, இதுதான் அந்த நாளின் முகம் என்று ஏன் எழுதுகிறோம், இதை எழுதுவதால் எது எழுதப்படாமல் போகிறது என்பதுதான் என் கேள்வி. விளையாட்டை முன்னால் நிறுத்துகிறபோது அதன் முதுகுக்குப் பின்னால் வேலை மறைந்து போகிறது. வேலை மறைந்தால் சாதி மறைகிறது. சாதி மறைந்த பிறகு கடல் எல்லாரையும் சமமாக்கியது என்று கவிதை பாடுவது ரொம்பச் சுலபம்.

2

அன்று உலகத்தில் என்னென்ன விளையாட்டு நடந்தது என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போம். கிறிஸ்துமசுக்கு மறுநாள் கிரிக்கெட் உலகத்துக்குத் திருவிழா நாள். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் ஆட்டம் தொடங்கின. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இதே இந்தியப் பெருங்கடலின் இன்னொரு கரையில், தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் தொடங்கின. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இலங்கை அணி ஒருநாள் ஆட்டம் ஆடித் தோற்றது. அதற்கு முந்தியோ பிந்தியோ அவர்களுக்கு ஊர்ச் செய்தி வந்தது; மீதிச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டு நாடு திரும்பினார்கள். டாக்காவில் வங்கதேசம் இந்தியாவை 15 ரன்னில் வென்றது. ஒருநாள் ஆட்டத்தில் இந்தியாவை அவர்கள் வென்றது அதுதான் முதல் தடவை.

இலங்கையின் காலி நகரில் கோட்டைக்கு எதிரே, கடலை ஒட்டி இருக்கிறது காலி சர்வதேச மைதானம். இங்கிலாந்தின் ஹாரோ பள்ளி மாணவர் அணி அன்று அங்கே ஆட வந்திருந்தது. கடல் மைதானத்துக்குள் புகுந்தது. பெவிலியனின் மேலே ஏறிப் பிள்ளைகள் தப்பினார்கள். மைதானத்துக்கு வெளியே பேருந்து நிலையத்திலும் தெருவிலும் இருந்தவர்களுக்கு ஏறுவதற்குப் பெவிலியன் இல்லை. பேருந்துகள் காகிதக் கப்பல் மாதிரி சுழன்றதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அழிந்துபோன அந்த மைதானத்தைச் சீர்செய்து 2007 டிசம்பரில் மறுபடியும் டெஸ்ட் ஆட்டம் நடத்தினார்கள். அது மீட்சியின் அடையாளம் என்று கொண்டாடப்பட்டது. சரிதான். உயரத்தில் நிற்க இடம் உள்ளவன் பிழைக்கிறான் என்கிற கதையும் அதே மைதானத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் பாடவில்லை.

இன்னொரு விசயம் இருக்கிறது. சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் பிளந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. ரிக்டர் காலத்துப் பேச்சில் சொன்னால் 9-க்கும் மேலே. அந்த நேரத்தில் மெல்போர்னில் ஆட்டம் தொடங்கிவிட்டது. அங்கே வீசப்பட்ட ஒவ்வொரு பந்தும் செயற்கைக்கோள் வழியாக அந்த நொடியே இந்திய வீடுகளின் நடுக்கூடத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தது. யார் எத்தனை ரன், எத்தனை நான்கு, எல்லாம் தெரிந்தது. ஆனால் கடலடியில் கிளம்பிய அலை தமிழ்நாட்டுக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் ஒரு சொல் வந்து சேரவில்லை.

கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் மூழ்குகிறது என்ற தகவல் எட்டு மணிக்கு முன்பே சென்னைத் தளத்துக்கு வந்துவிட்டதாகப் பின்னால் விமானப்படையே சொன்னது. வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல் பதவியில் இல்லாத பழைய அமைச்சரின் வீட்டுக்குப் போனது என்று பத்திரிகைகள் எழுதின. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஐதராபாத்தில் எச்சரிக்கை மய்யம் வந்தது 2007-இல். பசிபிக் கடலுக்கு அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது. செய்தி கொண்டுபோகிற கருவி இல்லாத நாடல்ல இது. யாருக்குச் செய்தி போகவேண்டும் என்ற தீர்மானம்தான் இல்லை. பந்துக்கு வழி இருந்தது, உயிருக்கு வழி இல்லை. இயற்கைச் சீற்றம் என்ற ஒரு சொல்லைப் போட்டு இந்த அரசியலை மூடிவிடுகிறார்கள். கவிஞர்களும் 'கடலே, ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கடலைத்தான் கேட்கிறார்கள். கோட்டையைக் கேட்கவில்லை.

3

சரி, அன்று கரையில் யார் இருந்தார்கள்?

2005 மார்ச்சில் ஆக்ஸ்பாம் நிறுவனம் ஒரு சிறிய அறிக்கை வெளியிட்டது. அதுவரை கிடைத்த கணக்கின்படி கடலூர் மாவட்டத்தில் செத்துப்போனவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. நாகப்பட்டினத்தில் பெண்கள் 2406, ஆண்கள் 1883. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியிலும் இலங்கையிலும் இதே சாய்வுதான். ஏன் பெண்கள் கூடுதலாகச் செத்தார்கள்? நடுக்கடலில் சுனாமி அலை உயரமாக இருக்காது. படகு அதன்மேல் லேசாக ஏறி இறங்கிவிடும். கடலுக்குப் போன ஆண்கள் பலர் பிழைத்தது அப்படித்தான். பெண்கள் கரையில் நின்றார்கள். வந்துசேரும் மீனை வாங்க, தரம் பிரிக்க, ஏலம் எடுக்க, தலையில் வைத்துக்கொண்டு விற்கப்போக. ஞாயிற்றுக்கிழமை மீனுக்குக் கிராக்கியான நாள். வீட்டில் இருந்தவர்களும் பிள்ளைகளைத் தூக்க உள்ளே ஓடினார்கள். நீச்சலும் மரமேறுவதும் பெண்ணுக்குச் சொல்லித்தரப்படாதவை. இடுப்பில் சுற்றிய சேலை ஓடவும் விடாது, நீந்தவும் விடாது.

இப்போது அந்தக் கவிதைகளுக்குத் திரும்பிப் போங்கள். அவற்றில் ஞாயிற்றுக்கிழமை என்பது விடுமுறை. யாருக்கு விடுமுறை? ஆடுகிற பிள்ளைகளுக்கு, நடைப்பயிற்சி வருகிற பெரியவர்களுக்கு, எழுதுகிற கவிஞருக்கு. அன்னக்கூடையோடு நின்ற பொம்பளைக்கு அது வேலைநாள். கவிதையின் காமிராவில் மட்டையும் பந்தும் பதிந்தன, அன்னக்கூடை பதியவில்லை. விளையாடும் பிள்ளை அப்பாவி, களங்கமற்றது, சாதியில்லாதது. அதனால் அதன் சாவுக்கு எல்லாரும் அழலாம், யாரும் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. வேலை செய்கிற பொம்பளையை எழுதப்போனால் அவள் என்ன வேலை, யாருக்கு வேலை, என்ன கூலி என்று கேள்வி வரும். படிமங்களும் இப்படித்தான் தங்கள் வேலையைச் செய்கின்றன. துக்கத்தைக்கூட வசதியான துக்கமாக மாற்றித் தருகின்றன.

4

இனி என் கதை கொஞ்சம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. எங்கள் ஊர் கடலிலிருந்து ரொம்ப உள்ளே இருக்கிற டெல்டா ஊர். அப்பா நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். காலனி ஊரின் கடைசியில், சாக்கடை வாய்க்கால் வயலில் போய்க் கலக்கிற இடத்தில். மார்கழி மாசம் சம்பா கதிர் வாங்கி நிற்கும். வயலில் ஆட முடியாது. கோயில் திடலில் எங்கள் பையன்கள் கால் வைக்கக்கூடாது. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனாலும் வைக்கக்கூடாது. ஆகவே என் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் சுடுகாட்டு மேட்டில் ஆடுவார்கள். பந்து புதைகுழி மேல் போனால் ரெண்டு ரன். அது அவர்கள் போட்ட விதி.

ஊர்ப் பையன்கள் ஆடுவது பள்ளிக்கூடத்து மைதானத்தில். மதிலுக்கு அந்தப் பக்கம் சாக்கடை வாய்க்கால். நன்றாக அடிக்கிறவன் அடித்தால் பந்து மதிலைத் தாண்டிச் சாக்கடையில் விழும். உடனே மதில்மேல் ஒரு தலை எட்டிப் பார்க்கும். "ஏய் காலனி, பந்த எடு!" என்று ஒரு குரல் வரும். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பேர் தெரியும், ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள்தான். நாங்கள் இறங்கி எடுப்போம். எடுத்த பந்தைக் கையில் வாங்க மாட்டார்கள். மதில்மேல் வைக்கவேண்டும், இல்லை தூக்கிப் போடவேண்டும். அவர்கள் மண்ணில் உருட்டி, குழாயில் கழுவி, ஆட்டத்தைத் தொடர்வார்கள். ஒருநாளும் எங்களை ஆடக் கூப்பிட்டதில்லை. பொம்பளைப் பிள்ளை என்பதால் சுடுகாட்டு மேட்டிலும் என்னை ஆட விட்டதில்லை. ரெண்டு மைதானத்திலும் எனக்குக் கிடைத்தது ஒரே வேலைதான், பந்து பொறுக்குவது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனது. மத்தியானத்துக்கு மேல்தான் நாகப்பட்டினம் போய்விட்டது, வேளாங்கண்ணி போய்விட்டது என்று சேதி வந்தது. மறுநாள் விடிகிற நேரம் நகராட்சியிலிருந்து ஆள் வந்து காலனி முனையில் நின்று கூப்பிட்டது. "எல்லாரும் லாரியில ஏறுங்க, நாகப்பட்டினம் போவணும்." எத்தனை நாள், என்ன கூலி, என்ன கொண்டுபோக வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை. குப்பை அள்ளுகிற லாரி அது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார். அந்தக் குரலை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். பந்தை எடு என்று மதில்மேலிருந்து வந்த அதே குரல்.

எங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை இது. பக்கத்து நகராட்சிகளிலிருந்தும் தூரத்து மாநகராட்சிகளிலிருந்தும் துப்புரவுப் பணியாளர்களைத் திரட்டி நாகை மாவட்டத்தில் இறக்கினார்கள் என்பது பத்திரிகைகளும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்த விசயம். மிகப் பெரும்பாலோர் அருந்ததியர், மற்றவர்களும் தலித்துகள்தான். தமிழ்நாட்டில் செத்தவர்கள் ஏறக்குறைய 8000 பேர், நாகை மாவட்டத்தில் மட்டும் 6000-க்கு மேல். இடிபாட்டுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் கருவேல முள்ளுக்குள்ளும் கிடந்த அந்த உடல்களில் பெரும்பகுதியை எடுத்துப் புதைத்தது இவர்களுடைய கைகள். முதல் நாட்களில் பலருக்குக் கையுறைகூட இல்லை. ராணுவம் வந்தது, தொண்டர்கள் வந்தார்கள், பல மதத்து இளைஞர்கள் வந்து உடல் எடுத்தார்கள். அவர்களுக்கு வணக்கம். ஆனால் விருப்பப்பட்டு வந்தவன் தொண்டன், புகைப்படத்தில் இருக்கிறான். லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவன் பணியாளன், புகைப்படத்தின் ஓரத்தில் அறுபட்டுப் போகிறான்.

அப்பா பத்து நாள் கழித்து வந்தார். அம்மா வாசலிலேயே வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றியது. ரொம்ப நாளைக்கு அவர் கையால் சாப்பிடவில்லை, கரண்டி வைத்துச் சாப்பிட்டார். மீனை அதற்கப்புறம் தொட்டதே இல்லை. குடி கூடியது. அவரை யாரும் ஆற்றுப்படுத்த வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு மனநல ஆலோசனை என்று அந்தச் சமயத்தில் நிறையப் பேசினார்கள். பிணம் எடுத்தவனுக்கு மனசு இருக்கும் என்று அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. பிறப்பிலேயே பழகியவன்தானே என்ற நினைப்பு. இதைவிடப் பெரிய சாதியம் வேறென்ன இருக்கிறது?

எம்.ஏ. படிக்கிறபோது நானும் ஒரு சுனாமிக் கவிதை எழுத உட்கார்ந்தேன். எனக்கும் பந்துதான் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது சொல்ல. அப்பாவிடம் போய்க் கேட்டேன்: "அங்க கிரிக்கெட் மட்டை, பந்து ஏதாச்சும் பாத்தியாப்பா?" அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மட்டையா? கூடையப் பாத்தேன் பாப்பா. அன்னக்கூடை. பொம்பளைங்க புடிச்ச புடி விடாம கெடந்தாளுவ. வெரலப் பிரிச்சு எடுக்கவேண்டியதாப் போச்சு."

நான் அந்தக் கவிதையை எழுதவில்லை.

5

மெல்போர்னுக்குத் திரும்பிப் போகவேண்டும். அங்கே ஒரு ஆள் நமக்காக நிற்கிறான்.

அன்று பாகிஸ்தான் அணிக்குத் தலைவர் யூசுப் யோஹானா. வழக்கமான தலைவர் இன்சமாம் உல் ஹக் காயம் பட்டிருந்ததால் பொறுப்பு இவருக்கு வந்தது. பாகிஸ்தான் டெஸ்ட் அணிக்கு ஒரு கிறித்தவர் தலைமை தாங்கியது அதுதான் முதல் முறை. அந்த ஆட்டத்தில் அவர் 111 ரன் எடுத்தார். லாகூரில் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். அப்பா ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். மட்டை வாங்கக் காசில்லாமல் பலகைத் துண்டை வைத்து ஆடிப் பழகியவர். பஞ்சாபிக் கிறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் துப்புரவு வேலையில் தள்ளப்பட்ட தீண்டப்படாத சாதியிலிருந்து மதம் மாறியவர்கள். யோஹானாவின் குடும்பமும் அந்த வால்மீகி வழி வந்தது என்றுதான் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாகிஸ்தானில் இன்றைக்கும் துப்புரவுப் பணிக்கு ஆள் எடுக்கிற விளம்பரத்தில் முஸ்லிம் அல்லாதவர் மட்டும் என்று போட்டுச் சண்டையான சம்பவங்கள் உண்டு. மதம் மாறியும் விடாமல் துரத்துகிற துடைப்பம் அது.

யோசித்துப் பாருங்கள். ஒரே டிசம்பர் மாதத்தில், ஒரு நாள் இடைவெளியில், துணைக்கண்டத்தின் துப்புரவுச் சாதியின் வழிவந்த ஒருவர் பெருங்கூட்டத்துக்கு முன்னால் நூறு அடித்து மட்டையைத் தூக்குகிறார். அதே சாதி வரலாறு சுமந்த பல நூறு பேர் நாகப்பட்டினத்தில் வெறுங்கையோடு லாரியிலிருந்து இறக்கப்படுகிறார்கள். இந்த இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு கட்டுரையை, ஒரு கவிதையை நான் இன்றுவரை தமிழில் படித்ததில்லை. ஏன்? கிரிக்கெட்டை எழுதுகிறவனுக்குச் சாதி தெரியாது. சாதியை எழுதுகிற நாம் கிரிக்கெட்டை மேட்டுக்குடி விளையாட்டு என்று தள்ளிவிட்டோம். நடுவில் யோஹானா வெறும் 111 ஆக ஸ்கோர் புத்தகத்தில் கிடக்கிறார். 2005-இல் அவர் இசுலாத்துக்கு மாறி முகமது யூசுப் ஆனார். 2006-இல் ஒரே ஆண்டில் 1788 டெஸ்ட் ரன் எடுத்து உலக சாதனை செய்தார். அந்த மதமாற்றம் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். எதிலிருந்து வந்த வம்சம் என்று எழுதியவர்கள் குறைவு.

விளையாட்டு எல்லாரையும் சமமாக்கும் என்பது கடல் எல்லாரையும் சமமாக்கும் என்பதன் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பொய். பல்வங்கர் பாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். சமார் சாதியில் பிறந்தவர். புனே கிளப்பில் மைதானம் பராமரிக்கிற வேலையில் இருந்து, வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசி வீசியே பெரிய பந்து வீச்சாளர் ஆனவர். 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் அதிக விக்கெட் எடுத்தவர். ஆட்டத்தில் அவர் வீசிய பந்தைத் தொட்ட இந்து ஆட்டக்காரர்கள் தேநீர் இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி மண் குவளையில் கொடுத்தார்கள். அந்தக் குவளை எந்த ஸ்கோர் புத்தகத்திலும் இல்லை. பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து மதிலுக்கு இது புதுச் சேதியில்லை.

6

அலை வடிந்த பிறகு என்ன ஆனது? 2005 ஜனவரி 10 அன்று அதே மெல்போர்ன் மைதானத்தில் உலக அணியும் ஆசிய அணியும் நிவாரண நிதிக்காக ஆடின. எழுபதாயிரம் பேர் வந்தார்கள். ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரண்டது. ஆடியவர்களையும் கொடுத்தவர்களையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முரளிதரன் இலங்கைக் கரையில் லாரி லாரியாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்ததும், தொடர்ந்து வீடு கட்டித் தந்ததும் எல்லாருக்கும் தெரியும். கொடுக்கிற கை நல்ல கைதான். பங்கு வைக்கிற கை எது என்பதில்தான் வில்லங்கம்.

நிவாரணம் என்பது இழந்ததைக் கணக்கிட்டுக் கொடுப்பது. படகு இழந்தவனுக்குப் படகு, வலை இழந்தவனுக்கு வலை, உப்பேறிய நிலத்துக்கு நிலக்காரனுக்குப் பணம். இதில் தலித் எங்கே வருகிறார்? அவர் படகுக்குச் சொந்தக்காரர் இல்லை. கரையில் சுமை தூக்கினார், உப்பளத்தில் கூலிக்கு நின்றார், கழிமுகத்தில் கையால் இறால் தடவினார், இப்போது உப்பேறிப்போன அந்த வயலில் நாற்று நட்டார். அவர் இழந்தது வேலை. வேலைக்குப் பட்டா கிடையாது. ஆகவே இழப்பும் கிடையாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2005 மே மாதம் வெளியிட்ட அறிக்கையும், தலித் மனித உரிமை அமைப்புகள் ஊர் ஊராகப் போய் எடுத்த கணக்கும் இதைச் சொல்லின. முகாம்களில் ஒதுக்கினார்கள், தண்ணீரில் பாகுபாடு, நிவாரணப் பட்டியலில் பேர் இல்லை. கடற்கரை மீனவர் நமக்குப் பகையில்லை. அவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தவர்கள், அவர்களும் அரசால் வஞ்சிக்கப்பட்டவர்கள். ஆனால் செத்த வீட்டிலும் தண்ணீர்க் குடத்துக்கு நடுவில் கோடு கிழிக்க முடிகிறது என்றால், அந்தக் கோட்டைக் கிழித்தது கடல் இல்லை.

இப்போது அந்தப் பெரியவருக்கு வருகிறேன். துக்க வீட்டிலும் சாதி பேசணுமா? அய்யா, துக்க வீட்டில் சாதியைக் கொண்டுவந்தது நாங்கள் இல்லை. பறை அடிக்க ஒரு சாதி, குழி வெட்ட ஒரு சாதி, சேதி சொல்லிப்போக ஒரு சாதி என்று இந்த நாட்டில் துக்க வீட்டைப் போலச் சாதி நிறைந்த வீடு வேறு கிடையாது. கடல் 2004-இல் ஒரு பெரிய துக்க வீட்டைத் திறந்தது. ஊர் வழக்கப்படி எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போனோம். வேலை முடிந்ததும் வழக்கப்படி வெளியே நிற்கச் சொன்னார்கள். இப்போது அந்தத் துக்கத்தைக் கவிதையாகப் பாடுகிறபோதும் வெளியேதான் நிற்கவேண்டுமா என்று கேட்கிறேன். அவ்வளவுதான்.

எழுதவருகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பந்தை எழுதவேண்டாம் என்று சொல்லமாட்டேன். எழுதுங்கள். ஆனால் பந்து எங்கே போய் விழுந்தது, யார் இறங்கி எடுத்தது என்பதுவரை எழுதுங்கள். அன்றைய நாளின் ஸ்கோர் புத்தகத்தில் ஆடியவர் பேர் இருக்கிறது, வென்றவர் பேர் இருக்கிறது, கொடையளித்தவர் பேர் இருக்கிறது. பிணம் எடுத்தவர்களின் பேர்ப்பட்டியல் ஏதோ ஒரு நகராட்சியின் பழைய வருகைப் பதிவேட்டில், லாரியின் டீசல் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் அதைத் தேடி எடுக்கவேண்டும். அந்தக் காலனிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறவர்களை உட்கார வைத்துப் பேச வைத்து எழுதவேண்டும். 2024 டிசம்பரோடு இருபது வருசம் முடிந்துவிட்டது. அப்பாவோடு அந்த லாரியில் ஏறியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

அப்பாவும் இல்லை. எங்கள் சுடுகாட்டு மேட்டில்தான் புதைத்தோம். அன்று சாயங்காலம் அண்ணன் மகன் கூட்டாளிகளோடு அங்கே நின்றான். மட்டை கையில் இருந்தது, துக்க நாள் என்று ஆடவில்லை. அவனிடம் தாத்தா எங்கெல்லாம் போய் வேலை செய்தார் என்று சொல்ல ஆரம்பித்தேன். நாகப்பட்டினம் என்றதும், "அங்க கடல் இருக்குல்ல அத்தை, தாத்தா கடல் பாக்கப் போனாரா?" என்று கேட்டான்.

இல்லடா தம்பி என்று சொல்லி, கடைசிவரைக்கும் சொன்னேன்.